16 கேமராவைப் பதிகிறது, 4 கேமராவைக் காட்டத் திணறுகிறது

நான் வைத்திருக்கும் 16 சேனல் என்விஆரையே (கண்காணிப்பு கேமராக்களின் வீடியோவைப் பதியும் பெட்டி) வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

பதிவில் குறையே சொல்ல முடியாது. எல்லாமே 8 மெகாபிக்சல், அதாவது 4கே கேமரா, இரவும் பகலும் ஓடுகின்றன. கரண்ட் போய் வந்தாலும் தானாகவே பதியத் தொடங்கிவிடும்.

என் கோபமெல்லாம் டீகோடிங் மேல்தான். கேமரா அனுப்புவதே சுருக்கிய வீடியோ. அதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் எழுதிவிடலாம். திரையில் காட்டும்போதுதான் விரிக்க வேண்டும்; அதுதான் டீகோடிங். இந்தப் பெட்டியால் விரிக்க முடிவது நொடிக்கு 30 பிரேமில் 8 சேனல் 1080பி. 4கே என்றால் பிக்சல் நான்கு மடங்கு, ஆக 2 கேமரா. அட்டைப்பெட்டியில் ‘16 சேனல், 4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள், இந்த 2-ஐ விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் வைத்திருக்கிறார்கள்.

லைவில் இது தெரியவே தெரியாது. சின்னக் கட்டங்களுக்கு, கேமரா கூடவே அனுப்பும் தரம் குறைந்த சிறிய வீடியோவான சப் ஸ்ட்ரீமே போதும். ஒரு ஆள் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போனான் என்று நான்கு கேமராவைச் சேர்த்துப் பிளேபேக் போடுங்கள்: இரண்டு ஓடும், மற்ற இரண்டும் கறுப்பு. ரெக்கார்டர் வாங்குவதே அந்த ஒரு நேரத்துக்காகத்தானே!

வீடியோவை இன்னும் அதிகமாகச் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றினால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகும், ஆனால் விரிக்க வேண்டிய பிக்சல் குறையாது. பிரேமை 15 ஆக்கியதும் நான்கு ஓடின. உண்மையான நிம்மதி, சப் ஸ்ட்ரீமையும் கூடவே பதிய வைத்ததில் கிடைத்தது. எல்லாக் கேமராவையும் அதில் தேடிப் பிடித்துவிட்டு, முகமோ நம்பர் பிளேட்டோ வேண்டிய இடத்தில் மட்டும் முழுத் தர வீடியோவான மெயின் ஸ்ட்ரீமுக்குப் போகிறேன். கணினியில் பார்த்தால் இன்னும் நல்லது. விரிக்கும் வேலையைக் கணினியே செய்துகொள்ளும். இரண்டாவது மானிட்டர் மட்டும் மாட்டிவிடாதீர்கள், இருக்கிற கொஞ்ச சக்தியையும் அது பங்கு கேட்கும்.

இத்தனை வழி இருக்கிறது, பதிவும் பிசகியதில்லை. நண்பருக்குக் கேமராவும் குறைவு, கணினியும் இருக்கிறது. அவருக்கு இது தாராளமாகப் போதும். இருந்தும் வாங்க வேண்டாம் என்றேன். டீகோடிங் கணக்கை அட்டைப்பெட்டியின் முகப்பில் அச்சிடுகிற கம்பெனியின் பெட்டி கிடைத்தால், அதை வாங்கட்டும்.