நிப்பிசிங் ஏரிக்கு ஐஸ் ஃபிஷிங் போக முன்பணம் அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பெப்ரவரி மாதம் ஃபமிலி டே விடுமுறையோடு நீண்ட வாரவிறுதி வந்தால் ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், அஜக்ஸ் பக்கத்தில் இருந்து நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது ஐஸ் ஃபிஷிங், அதாவது உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க, கிளம்புகிறார்கள். முன்பு சிம்கோ ஏரியோடு நின்றது, இப்போது வடக்கே நிப்பிசிங் ஏரிக்கரையில் இருக்கிற நோர்த் பே வரைக்கும் போகிறது. வற்சப் குழுக்களில் ரிசோர்ட் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. அப்படி ஒன்றை நம்பிப் போன எங்கள் ஐந்து பேருக்கு நடந்ததை எழுதுகிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கிற வேலை இன்னும் முடியாததால் ரிசோர்ட்டின் பெயரைப் போடவில்லை. நிப்பிசிங் ஏரியின் தென்கரையில் இருக்கிற சின்ன இடம், அவ்வளவுதான் இப்போதைக்கு.

முதலில், என்ன பேசி ஒத்துக்கொண்டோம் என்பது. இரண்டு இரவு ஐந்து பேர் தங்க ஒரு கபின், பகலில் ஏரிக்கு நடுவே சூடாக்கிய மீன்பிடிக் கொட்டில், அங்கே பொம்பார்டியேயில் ஏற்றிப் போய் ஏற்றி வருவது, ஐஸில் துளை போட்டுத் தருவது, தூண்டிலில் கோர்க்க மினோ என்கிற சின்ன உயிர் மீன். எல்லாம் சேர்த்து 1,450 டொலர். பொம்பார்டியே என்றதும் விமானம்தான் பலருக்கு நினைவு வரும். அந்தக் கம்பனியைத் தொடங்கிய கியூபெக்காரர் 1940களில் செய்த பனி வண்டிக்கும் அதே பெயர். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டிச் சக்கரம், உள்ளே பன்னிரண்டு பேர் இருக்கலாம். நிப்பிசிங்கில் இன்றைக்கும் அந்தக் கிழட்டு வண்டிகள் ஓடுகின்றன. எங்களில் இரண்டு பேருக்கு மீனை விட அந்த வண்டியில் ஏறுவதில்தான் ஆசை.

முன்பணம் 500 டொலரை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கில் இருந்து நேரே இமெயில் வழியாக) அனுப்பச் சொன்னார்கள். மிச்சத்தைக் கார்ட்டில் கட்டலாம் என்றார்கள். ஐஸ் எப்படி இருக்கிறது என்று நாங்கள் ஒரு தடவை இல்லை, பேசிய ஒவ்வொரு தடவையும் கேட்டோம். எங்கள் குழுவில் டாக்சி ஓட்டுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார், எதையும் மூன்று தரம் கேட்காமல் விடமாட்டார். போவதற்கு முதல் நாள் வியாழக்கிழமை மிச்சக் காசு 950 டொலரைக் கார்ட்டில் எடுக்கும்போதும் அவர்தான் கேட்டார். "பதினெட்டு அங்குலம், அருமையான ஐஸ், கொட்டில்கள் எல்லாம் வெளியில் நிற்கின்றன" என்பது பதில்.

வெள்ளிக்கிழமை ஹைவே 400இல் ஏறி, பரி நகரில் இருந்து ஹைவே 11ஐப் பிடித்து, பனியில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர இரவாகிவிட்டது. கபினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் பார்த்ததை விடப் பழையது, சுடுதண்ணீர் வந்தது, போதும். ஆனால் சாவியைத் தர முன்பே மேசையில் புதுக் கணக்கு ஒன்று வைத்தார்கள். சூடாக்கும் கட்டணம் 60 டொலர். அதற்குக் கீழே, "லைசென்ஸ் மற்றும் நிர்வாகம்" என்று ஆளுக்கு 35 டொலர், ஐந்து பேருக்கு 175. இதை முன்பே சொல்லவில்லையே என்று கேட்டோம். "ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்தால் அபராதம், உங்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்று நாங்களே செய்து தருகிறோம்" என்றார் மனேஜர். இரவு ஒன்பது மணி, வெளியே மைனஸ் இருபது. கட்டிவிட்டோம். கட்டும்போது கார்ட் ரசீதோடு அந்தக் கணக்குத் துண்டையும் கேட்டு வாங்கியது பிறகு பெரிய உதவியாக இருந்தது.

சனி விடிய பொம்பார்டியே வரவில்லை. ஸ்னோமொபில் (பனியில் ஓடுகிற சின்ன மோட்டார் வண்டி) ஒன்று பின்னால் திறந்த சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது. அதில் சாமான்களோடு சாமானாக எங்களை ஏற்றினான் ஓட்டுகிற பையன். கரையில் இருந்து பார்த்தால் கபின் விளக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கொட்டிலில் இறக்கினான். நடு ஏரி என்றார்களே என்று கேட்டதற்கு அவன் ஒளிக்காமல் சொன்னான். வெளியே ஐஸ் வெடித்துப் பிளந்திருக்கிறது, பனிக்குக் கீழே தண்ணீர் ஏறிச் சேறு மாதிரிக் கிடக்கிறது, பொம்பார்டியே ஓடுகிற பாதையைப் புதன்கிழமையே மூடிவிட்டார்கள், அங்கே நின்ற பெரிய கொட்டில்களையும் அன்றைக்கே இழுத்து வந்தாயிற்று.

புதன்கிழமை! எங்களிடம் மிச்சக் காசை எடுத்தது வியாழக்கிழமை.

ஐஸ் வெடிப்பது யாருடைய குற்றமும் இல்லை. நிப்பிசிங் பரந்த ஏரி, ஆனால் ஆழம் குறைவு, சராசரி ஐந்து மீற்றர்கூட இல்லை. காற்று அடித்தால் ஐஸ் அசைந்து நெருக்கி வெடிக்கும், மேலே பனி பாரமாக விழுந்தால் தண்ணீர் மேலே ஏறும். இதெல்லாம் அங்கே ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். "இந்தக் கிழமை சரிவராது, வேறு திகதி போடுவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தோசமாக ஒத்துக்கொண்டிருப்போம். தெரிந்துகொண்டே காசு எடுத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கொட்டில் மூன்று பேருக்கு அளவானது. ஐந்து பேர் முழங்கால் இடிக்க இருந்தோம். துளை போட்டுத் தூண்டிலை இறக்கினால் நாலு, ஐந்து அடியில் தரை தட்டியது. அங்கே நாங்கள் தேடிப்போன பிக்கரல் மீன் எதற்கு வரப்போகிறது? பெருவிரல் நீளத்தில் இரண்டு பேர்ச் வந்தன, திருப்பி விட்டோம்.

பத்து மணி போல மாகாண அரசின் மீன்வள அதிகாரி ஒருவர் ஸ்னோமொபிலில் வந்தார். நல்ல மனிதர். லைசென்ஸ் ரிசோர்ட்டில் எடுத்திருக்கிறோம் என்று சொன்னோம். எங்கே, காட்டுங்கள் என்றார். மனேஜர் எங்களுக்கு ஒரு தாளும் தரவில்லை. அதிகாரி சிரித்துவிட்டு, ஃபமிலி டே வாரவிறுதியில் கனடாவில் வசிக்கிறவர்களுக்கு ஒன்ராறியோவில் லைசென்ஸே தேவையில்லை, பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரச அடையாள அட்டை கையில் இருந்தால் சரி என்றார். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இலவசம், பிடிக்கிற எண்ணிக்கை மட்டும் கன்சர்வேசன் லைசென்ஸ் (குறைந்த எண்ணிக்கை மீனுக்கான லைசென்ஸ்) அளவுக்குள் நிற்க வேண்டும். ஆளுக்கு 35 டொலர் எதற்குக் கட்டினோம் என்பது அப்போதுதான் விளங்கியது. சாதாரண நாட்களில்கூட லைசென்ஸ் ஒவ்வொருவரும் தன் பெயரில் எடுக்க வேண்டியது. உங்கள் பிறந்த திகதியைக்கூடக் கேட்காமல் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று காசு வாங்குகிறவர் எதையும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

அதோடு முடியவில்லை. மினோ வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டார். 2022இல் இருந்து கடையில் வாங்கிய தூண்டில் மீனுக்கு ரசீது கையில் இருக்க வேண்டும், வாங்கி இரண்டு கிழமைக்குள் பாவித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பகுதியில் ஐஸ் கொட்டிலைப் பதிந்து, அந்த எண்ணைக் குறைந்தது 6.3 சென்ரிமீற்றர் உயரத்தில் வெளியே எழுத வேண்டும். எங்கள் கொட்டிலில் எண்ணே இல்லை. எங்களை எச்சரித்து விட்டுவிட்டார், ரிசோர்ட்டின் விபரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனார். கொஞ்சம் கடுமையான ஆள் வந்திருந்தால் அபராதத் துண்டு எங்கள் பெயரில்தான் வந்திருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் காசு விசயம். இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்தது அடுத்து நடந்ததற்காக.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பியது. கதவைச் சாத்தினோம். உள்ளே ஒரு புறப்பேன் எரிவாயு ஹீற்றர், சிலிண்டரின் தலையில் நேரே பூட்டுகிற வகை. கட்டட வேலை நடக்கிற இடங்களில் வெட்ட வெளியில் வைத்து எரிப்பார்களே, அது. கொட்டிலின் சுவரில் காற்றுப் போகவென்று இரண்டு ஓட்டை வெட்டியிருந்தார்கள், ஆனால் குளிர் வராமல் இருக்க யாரோ இரண்டையும் சாம்பல் நிற டேப்பால் ஒட்டி அடைத்திருந்தார்கள். டேப் நிறத்தில் சுவர், சுவர் நிறத்தில் டேப். மேலே ஒரு அலாரமும் இல்லை. எங்களில் இளையவன் முதலில் தலையிடிக்கிறது என்றான். வண்டி ஓடிய களைப்பு என்று நினைத்தோம். அப்புறம் இன்னொருவருக்கும் தலை சுற்றியது, இளையவன் வாந்தி எடுத்தான். மருத்துவமனையில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் எங்களோடு இருந்தது பெரும் புண்ணியம். "எல்லாரும் வெளியே!" என்று கத்தி, ஹீற்றரை அணைத்து, எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் என்று சாதாரண தடிமன் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். ஒரே இடத்தில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே வந்து 911 அடியுங்கள்.

ரிசோர்ட்டுக்கு அடித்தோம், யாரும் எடுக்கவில்லை. கொட்டில் கரைக்குக் கிட்ட இருந்ததால் நடந்தே வந்து, நல்ல நிலையில் இருந்தவர் வானை எடுத்து, இருவரையும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார். இரத்தம் சோதித்தார்கள், அளவு கூடித்தான் இருந்தது. ஒக்சிஜன் கொடுத்து நள்ளிரவில் விட்டார்கள். மனேஜரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இரவு எவ்வளவு குடித்தீர்கள்?" இளையவன் பியர்கூடத் தொடாதவன்.

ஞாயிறு காலையே கிளம்பினோம். காசைத் திருப்பித் தர முடியாது, இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை, சுவரில் எழுதியிருக்கிறது பாருங்கள் என்றார் மனேஜர். உண்மைதான், கவுண்டருக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காசு கட்டிய பிறகு காட்டுகிற தாள்.

வீட்டுக்கு வந்து செய்தவை இவை. கார்ட்டில் போன தொகையைத் திருப்பி எடுத்துத் தரும்படி வங்கியில் மறுப்புக் கொடுத்தோம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், கணக்குத் துண்டு, டேப் ஒட்டிய ஓட்டையின் படம், ஆஸ்பத்திரித் தாள் எல்லாவற்றையும் இணைத்தோம். 950 டொலர் திரும்பி வந்துவிட்டது, 175உம் வந்தது, 60ஐப் பற்றி இன்னும் பதில் இல்லை. ஈ-ட்ரான்ஸ்ஃபரில் போன 500? அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு வங்கியால் இழுத்தெடுக்க முடியாது, கையில் காசு கொடுத்தது போலத்தான். அதற்காக ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை, செய்து ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து முறிக்க அதில் இடமிருக்கிறது. பதில் வராவிட்டால் சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மோல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம். விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, வந்து இறங்கிய பிறகு கட்டாயக் கட்டணங்களைச் சேர்ப்பதை 2022இல் போட்டிச் சட்டத்தில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள், ஆகவே அந்தச் சட்டத்தைப் பார்க்கிற போட்டிப் பணியகத்துக்கும் ஒரு முறைப்பாடு போயிருக்கிறது. ஹீற்றர் விசயம் எரிவாயுக் கருவிகளின் பாதுகாப்பைப் பார்க்கிற டிஎஸ்எஸ்ஏ என்கிற அமைப்பிடம் போயிருக்கிறது.

போகிறவர்கள் போங்கள், ஐஸ் ஃபிஷிங் நல்ல பொழுதுபோக்கு, ஒழுங்காக நடத்துகிறவர்களும் அந்த ஏரியில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் முன்பணத்தையும் கார்ட்டிலேயே எடுக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அடுத்த இடத்துக்கு அடியுங்கள். ஐஸ் சரிவராவிட்டால் காசா, வேறு திகதியா என்பதை இமெயிலில் வாங்குங்கள். "எத்தனை அங்குலம்" என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில், எந்த நாளில் அளந்தது, பொம்பார்டியே இன்றைக்கு ஓடுகிறதா என்றும் கேளுங்கள். நடக்க 15 சென்ரிமீற்றர், ஸ்னோமொபிலுக்கு 25 என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்வது தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளையாகத் தெரிகிற பனி ஐஸுக்குப் பலம் பாதிதான். பற்றரியில் ஓடுகிற காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை உங்கள் பையிலேயே கொண்டு போங்கள், கடுங்குளிரில் வேலை செய்யாத வகைகளும் உண்டு என்பதால் பெட்டியில் வெப்பநிலை அளவைப் பார்த்து வாங்குங்கள். கொட்டிலுக்குள் போனதும் தூண்டிலை எடுக்க முன் காற்றோட்ட ஓட்டையைத் தேடுங்கள்.

தென்கரை ரிசோர்ட் எதிலாவது அந்த வாரவிறுதியில் "லைசென்ஸ்" என்று காசு கட்டியவர்கள் ரசீதை எறிந்துவிடாதீர்கள். கார்ட்டில் கட்டியிருந்தால் மறுப்புக் கொடுக்கக் கால எல்லை உண்டு, வங்கிக்கு இன்றைக்கே அடித்துக் கேளுங்கள்.