டேப்லெட் பேட்டரி மாற்றப் போகிறீர்களா? சார்ஜ் சீக்கிரம் ஏறினால் சந்தேகப்படுங்கள்

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், இடது கையில் ஊசி ஏற்றியிருப்பதால் அந்தக் கையை அசைக்கக் கூடாது, பேப்பர் பிரித்துப் படிக்கக்கூட வழியில்லை. அதற்காகவே 2021-ல் ஒரு பத்து அங்குல டேப்லெட் வாங்கி ஸ்டாண்டோடு கொடுத்தோம். உபன்யாசம், பழைய கிரிக்கெட் மேட்ச், பேரன் பேசிய வீடியோ எல்லாவற்றையும் வீட்டிலேயே டவுன்லோடு செய்து அனுப்பிவிடுவோம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக் பாயின்டுகள் மெஷினுக்கானவை, அதில் நம் சார்ஜரைச் செருக விடமாட்டார்கள், அது நியாயமும்தான். ஆக, வீட்டில் ஏற்றிய சார்ஜ் நாலு மணி நேரம் நின்றே ஆக வேண்டும்.

புதிதில் நாலு மணி நேரம் ஓடித் திரும்பி வரும்போது பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும். நாலு வருடம் ஓடியபின் மூன்றரை மணி நேரத்திலேயே அணைய ஆரம்பித்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. லித்தியம் பேட்டரி ஏற ஏற, இறங்க இறங்கத் தேயத்தான் செய்யும், அதிலும் எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும், சென்னை வெயிலில் தொட்டால் சுடும். 100 சதவீதத்திலேயே வைத்திருப்பது, சூடு, இரண்டுமே பேட்டரிக்கு ஆகாது.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். பேட்டரி வரப் பத்து நாள் ஆகும், 4,000 ரூபாய்க்கு மேல் என்றார்கள். பத்து நாள் என்றால் அப்பாவுக்கு நாலைந்து டயாலிசிஸ். பொறுக்க மாட்டாமல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன், அங்கேதான் தவறு நடந்தது. அந்தத் தெருவில் பல வருடமாகப் பொருள் வாங்குகிறேன், நேர்மையாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒரே ஒரு கடையைப் பற்றி.

"ஒரிஜினலே இருக்கு சார், 2,600 ஆகும், பழைய பேட்டரியைக் கொடுத்துட்டா 100 ரூபாய் கம்மி பண்ணிக்கிறேன்" என்றார். ஸ்டிக்கரைக் காட்டினார். கம்பெனி பெயர், 7,040 எம்.ஏ.எச். என்ற கொள்ளளவு, எல்லாம் பழைய பேட்டரியில் இருந்தது போலவே. முக்கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு "3 மாதம்" என்று எழுதிக் கொடுத்தார். பணம் ஜிபேயில் போனது, கடைப் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்கு. அப்போதே நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் 100. புதிதாக வாங்கியபோதே மூன்றரை மணி நேரம் பிடித்த டேப்லெட் இது. எல்லோருக்கும் சந்தோஷம், பேட்டரி புதுசு அதனால் வேகமாக ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டோம். தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள்: அதே சார்ஜர், அதே டேப்லெட், சார்ஜ் மட்டும் பாதி நேரத்தில் நிறைகிறது என்றால் குடம் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை அப்பாவை விட்டுவிட்டு வந்தேன். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது பொட்டென்று அணைந்துவிட்டதாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மீதி நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன் என்றார். 2,500 ரூபாய் கொடுத்து மாற்றியது, கழற்றிக் கொடுத்த பழைய பேட்டரியைவிடக் குறைவாக ஓடுகிறது!

கடைக்காரருக்குப் போன் செய்தால், "நாலஞ்சு தடவை ஃபுல்லா ஏத்தி இறக்குங்க சார், செட் ஆயிடும்" என்றார். செட் ஆகவில்லை. நண்பரிடம் யூஎஸ்பி மீட்டர் ஒன்று இருந்தது, சார்ஜருக்கும் வயருக்கும் நடுவில் செருகினால் எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்று காட்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பூஜ்யத்திலிருந்து, டேப்லெட்டை அணைத்து வைத்து ஏற்றினோம். 7,040 எம்.ஏ.எச்., 3.85 வோல்ட் என்றால், இரண்டையும் பெருக்கினால், சுமார் 27 வாட் அவர் மின்சாரம் அதில் அடங்க வேண்டும். சூடாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் அதற்கு மேலேயே வர வேண்டும். வந்தது 13. கணக்குப் போட வராவிட்டாலும் பரவாயில்லை, பேட்டரி மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை அளந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இதற்குள் இன்னொன்று. மூன்றாவது வாரம் திரையின் வலது ஓரம் லேசாக எழும்பி நின்றது. விரல் நகத்தை உள்ளே விடலாம், இருட்டில் பார்த்தால் அந்த இடுக்கில் கோடு போல வெளிச்சம். பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்து வைத்தேன். இப்படி ஆனால் சார்ஜ் போடாதீர்கள், எழும்பிய திரையை அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பேட்டரி மடங்கினாலோ கிழிந்தாலோ தீப்பிடிக்கும். அப்பா அதை மார்புக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். "டிஸ்ப்ளே தூக்கியிருக்கு, வேற எங்கேயோ திறந்திருக்கீங்க, வாரண்டி கிடையாது." அவ்வளவுதான். கார்டை எடுத்துக் காட்டினால் அது அவர் கையெழுத்தே இல்லையாம்.

கடைசியில் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்தேன். அங்கிருந்த தம்பி பொறுமையாகத் திறந்து, உப்பிய பேட்டரியின் ஸ்டிக்கரை ஓரத்தில் உரித்துக் காட்டினார். அடியில் வேறு எழுத்து: 3.7 வோல்ட், 3,000 எம்.ஏ.எச். புதுப் பேட்டரியை என் கையில் வைத்தார், கனமே வேறு. உப்பியதற்குக் காரணமும் சொன்னார். இந்த டேப்லெட் 4.4 வோல்ட் வரை ஏற்றும், பழைய ரக 3.7 வோல்ட் செல் 4.2 வரைதான் தாங்கும். ஒவ்வொரு தடவை 100 காட்டும்போதும் அதன் தாங்குசக்திக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம், உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. கொள்ளளவில் ஏமாற்றினால் பணம்தான் நஷ்டம், வோல்டேஜில் ஏமாற்றுவது உயிரோடு விளையாடுவது.

வெளியில் மாற்றுகிறவர்கள் கண் எதிரில் மாற்றச் சொல்லுங்கள், பழைய பேட்டரியையும் புதியதையும் இரண்டு கையிலும் வாங்கிப் பாருங்கள், ரொம்ப லேசாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழையதைப் போட்டோ எடுக்காமல் கொடுக்காதீர்கள், 100 ரூபாய்க்கு ஆசைப்பட்டு நான் என் ஆதாரத்தை விற்றுவிட்டேன். கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் தர மறுத்தால் அடுத்த கடை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பில் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். ஜிபே ரசீது, கார்டு, கடைக்காரரின் வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் இருக்கிறது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் அந்தப் பேட்டரியைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். 3,000 என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.