குரூகரில் சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்க்கும் சஃபாரி: காசுக்குப் பெறுமதியா?

ஆபிரிக்கச் சஃபாரி என்றதும் யாழ்ப்பாணத்தில் முதலில் வாயில் வருவது கென்யாதான். பயண முகவர்கள் விற்பதும் பெரும்பாலும் அதைத்தான்: நைரோபியில் ஏற்றி, மசாய் மாராவில் சில இரவுகள் வைத்து, திரும்ப நைரோபியில் இறக்குவார்கள். கூடாத பயணம் என்று சொல்லவில்லை. ஆனால் 2024 யூலையிலிருந்து மாராவின் நுழைவுக் கட்டணம், யூலை முதல் டிசம்பர் வரை, வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டொலர். அந்த நாளும் காலை 6 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணியோடு முடிந்துவிடும். பெரியவர்கள் நாலு பேர் மூன்று நாள் பார்த்தால் வாசலிலேயே 2,400 டொலர் போய்விடும். தங்குமிடம், வாகனம், சாரதி எல்லாம் அதற்குப் புறம்பு.

தென்னாபிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் அதே நாளுக்கு ஆளுக்கு 30 முதல் 35 டொலர் அளவில்தான் வரும். வாடகைக் காரை நாமே ஓட்டலாம், முகாமில் நாமே சமைக்கலாம். உள்ளூர்க்காரருக்கு இன்னும் குறைவு என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. யாலவில் வெள்ளைக்காரரிடம் நாம் வாங்குவதை நினைத்தால் அந்தக் கோபம் அடங்கிவிடும்.

பூங்கா 19,485 சதுர கிலோமீற்றர். வில்பத்தைப்போல் பதினான்கு மடங்குக்கு மேல். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 360 கிலோமீற்றர். முழுவதையும் ஒரே பயணத்தில் பார்க்கப் போகிறவர்கள் ரோட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். மழை கூடுதலாக விழும் தென் பகுதியில்தான் மிருகங்கள் செறிவு. வடக்கு காய்ந்த மொபானி மரக் காடு; பறவை பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கம், சிங்கம் தேடுபவர்களுக்குப் பொறுமைச் சோதனை. வடக்கே போகச் சொல்பவர்கள் அங்குள்ள பெரிய பெருக்க மரங்களைக் காரணம் காட்டுவார்கள். அந்த மரம் நெடுந்தீவிலும் மன்னார் பள்ளிமுனையிலும் நிற்கிறது. முதல் தடவைக்குத் தெற்கிலும் நடுப்பகுதியிலுமாக ஐந்து இரவு போதும்: முகாம்களான லோவர் சாபியில் இரண்டு, ஸ்குகூசாவில் ஒன்று, சத்தாராவில் இரண்டு.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தென்னாபிரிக்க விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். கனடா, இங்கிலாந்துக் கடவுச்சீட்டுக்குத் தேவையில்லை. அங்கு வாகனம் ஓட்டுவது நம்மைப்போல் இடப்பக்கம். ஆகவே ரொறன்ரோவிலிருந்து வந்து சேரும் மைத்துனர் எவ்வளவு கேட்டாலும் சாவியை ஊரிலிருந்து போனவரே வைத்திருப்பது நல்லது. சர்வதேசச் சாரதி அனுமதியைக் கொழும்பில் எடுத்துக்கொண்டே புறப்படுங்கள். இன்னொன்று: டோகா, டுபாய் வழியாகப் போனால் பிரச்சினை இல்லை. விலை குறைவென்று நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக ரிக்கெற் எடுத்து அங்கு விமான நிலையத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் ஜொகனஸ்பேர்க்கில் உள்ளே விடமாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் அந்த அட்டை செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடித் திரிந்து பயனில்லை.

ஜொகனஸ்பேர்க்கிலிருந்து தெற்கு வாசல்களுக்கு நெடுஞ்சாலையில் நாலரை, ஐந்து மணித்தியாலம். இரவு விமானத்தில் வந்திறங்கிய களைப்போடு அன்றே ஓட வேண்டாம். பூங்கா வாசல் மூடும் நேரத்துக்கு முன் போய்ச் சேராவிட்டால் முன்பதிவு இருந்தாலும் வெளியில் படுக்க நேரலாம்.

காரைப் பொறுத்தவரை நாலு சில்லிலும் இழுக்கும் வாகனம் அவசியமில்லை. பெரிய ரோட்டெல்லாம் தார். எச் என்று தொடங்கும் இலக்கங்கள் பெரும்பாலும் அவை. எஸ் என்று தொடங்குபவை கிறவல் ரோட்டு. மழை இல்லாவிட்டால் சாதாரணக் காரே ஓடும். ஆனால் இருக்கையின் உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். தாழ்ந்த காரில் இருந்தால், பத்து மீற்றருக்கு அப்பால் புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கம் காதளவுகூடத் தெரியாது. சிறிய எஸ்யூவி ஒன்று எடுத்தால் வித்தியாசம் உடனே விளங்கும். வாகனத்தைப் பொறுப்பெடுக்கும்போது மேலதிகச் சில்லு உண்மையில் இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில வண்டிகளில் காற்றடிக்கும் கருவி மட்டும்தான் வைத்திருப்பார்கள். காப்புறுதியில் ரயரும் முன் கண்ணாடியும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கிறவல் ரோட்டில் முதலில் அடி வாங்குவது அவை இரண்டும்தான்.

முகாம்களைப் பற்றி வரும் முறைப்பாடுகளில் பாதி, அவற்றை ஹோட்டல் என்று நினைத்துப் போனதால் வருபவை. வேலி போட்ட வளவு, வட்டமான கூரைவீடுகள், வாசலில் இறைச்சி வாட்டும் அடுப்பு, பெற்றோல் நிலையம், கடை, உணவகம் என்பதுதான் அமைப்பு. படுக்கை சுத்தமாக இருக்கும், குளிரூட்டி இருக்கும். தளபாடம் பழையது. பதியும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: சில குடிசைகளுக்குச் சமையலறை பொதுவானது, சிலவற்றுக்குச் சொந்தமாக இருக்கும், ஆற்றைப் பார்த்தவை தனி வகை. மூன்றுக்கும் விலை வேறு, படத்தில் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். யூன், யூலை, டிசம்பர் பாடசாலை விடுமுறைக்கு உள்ளூர்ச் சனமே மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடும். லோவர் சாபியும் சத்தாராவும்தான் முதலில் நிரம்புபவை.

இனி முக்கியமான விடயம்: நேரம். முகாமின் வாசல் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காலை 4:30க்குத் திறந்து மாலை 6:30க்கு மூடும். மே முதல் யூலை வரை காலை 6:00க்குத் திறந்து மாலை 5:30க்கு மூடும். பிந்தினால் தண்டம் கட்ட வேண்டும். வாசல் திறந்த முதல் இரண்டு மணித்தியாலமும், மூடுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலமும்தான் நாம் காசு கொடுத்து வாங்குவது. இரவு முழுக்க நடந்த சிங்கங்கள் விடியற்காலையில் இன்னும் சூடு தணியாத தார் ரோட்டில் படுத்திருக்கும். ஒன்பது மணி வெயிலில் எழும்பிப் பற்றைக்குள் போய்விட்டால் பின்னேரம் வரை பார்க்க முடியாது. எட்டு மணிக்கு ஆறுதலாகத் தேநீர் குடித்து வெளிக்கிடும் குடும்பம் இம்பாலா மானை மட்டும் நூறு நூறாகப் பார்த்துவிட்டு, பூங்காவில் ஒன்றுமில்லை என்று குறை சொல்லும்.

தார் ரோட்டில் உச்ச வேகம் 50, கிறவலில் 40. பொலிஸ் வேகமானி வைத்துப் பிடிக்கும். பார்க்க வந்தவர்கள் அதன் பாதியில்தான் ஓட வேண்டும். லோவர் சாபியிலிருந்து சத்தாரா ஏறத்தாழ 93 கிலோமீற்றர்தான். அதற்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள். கூகிள் வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். முகாம் கடையில் விற்கும் அச்சு வரைபடம் வாங்கினால் நீர்நிலைகளும் இறங்கக்கூடிய இடங்களும் அதில் தெளிவாக இருக்கும்.

வில்பத்து ஜீப்பில் பழகிய கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சாரதிக்குத் தொலைபேசி வரும், ஜீப் பறக்கும், சிறுத்தையின் வாலைக் காட்டுவார்கள். இங்கே அந்த வேலை நம்முடையது. முதலில் மான்களைப் பாருங்கள். மேயாமல், ஒரே திசையில் காதை நிமிர்த்தி நின்று மூக்கால் சீறினால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகள் மரத்தில் உட்கார்ந்திருந்தால், கீழே இரையில் இன்னும் சொந்தக்காரர் இருக்கிறார் என்று பொருள். ஒவ்வொரு முகாமிலும் வரைபடப் பலகையில் நிறக் காந்தக் குண்டுகளால் அன்றைய, முதல் நாள் காட்சிகளைக் குறித்திருப்பார்கள்; மாலையில் அதைப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த நாள் பாதையைத் தீர்மானிக்கலாம். காண்டாமிருகம் அதில் இருக்காது. கொம்புக்காக வேட்டையாடுபவர்களுக்கு இடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். நீங்கள் கண்டாலும் படத்தை இடக்குறிப்போடு முகநூலில் போடாதீர்கள்.

சத்தாராவிலிருந்து எஸ் 100 கிறவல் ரோட்டை விடியற்காலையில் பிடியுங்கள். சிங்கத்துக்குப் பெயர்போன பாதை அது. லோவர் சாபி வாசலருகே உள்ள சன்செற் குளத்தில் நீர்யானையும் முதலையும் கார் கதவிலிருந்து சில மீற்றரில் கிடக்கும். ஸ்குகூசாவுக்கும் லோவர் சாபிக்கும் இடையில் ஆற்றோரமாகப் போகும் எச் 4-1 பாதையில் சிறுத்தைக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் விடுமுறை நாளில் ஒரு சிறுத்தை மரத்தில் ஏறினால் அந்த ரோட்டு நல்லூர்த் தேரன்று பருத்தித்துறை வீதிபோல் ஆகிவிடும். குறுக்கே நிறுத்துபவர்கள், கூரையில் ஏறுபவர்கள் என்று ஒழுங்கே இருக்காது.

யானை விடயத்தில் நம் ஊர் அறிவு இடறும். கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆபிரிக்க யானையில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூடப் பதற்றத்தில் அது வழியும். ஆண் யானையின் பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீர் சொட்டி நனைந்திருந்தால் அதுதான் உண்மையான மதம். ஐம்பது மீற்றராவது விட்டு நில்லுங்கள். அது ரோட்டாலே நடந்து வந்தால் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது தாய்க்கும் குட்டிக்கும் நடுவே காரை நுழைக்க வேண்டாம். ஹபரணை வீதியில் செய்வதுபோல் பழம் நீட்டும் எண்ணமே வேண்டாம்.

குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னலால் தலையை நீட்டவும் கூடாது. கழிவறையும் அந்த இடங்களில்தான். சர்க்கரை வருத்தக்காரர், சிறுபிள்ளைகள் இருந்தால் பாதையை அதை வைத்தே போடுங்கள்.

தானே ஓட்டுவதில் இரண்டு குறை உண்டு: இருட்டிய பின் வெளியே போக முடியாது, பார்ப்பது என்னவென்று சொல்ல ஆளில்லை. இரண்டுக்கும் மருந்து முகாமில் பதியும் மாலைச் சவாரி. பெரிய திறந்த லொறி, பெரிய ரோச் லைற், வழிகாட்டி; கழுதைப்புலி, புனுகுப்பூனை வகைகள், ஆந்தை எல்லாம் அப்போதுதான் வெளிவரும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். துப்பாக்கியோடு இரு வழிகாட்டிகள் கூட்டிப்போகும் காலை நடைக்குப் பன்னிரண்டு வயது வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கமாட்டார்கள், ஆகவே வந்த அன்றே பதியுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு 400 மில்லிமீற்றர் வில்லை தாராளம். முக்காலி காருக்குள் பயன்படாது. துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துக் கமராவை அதன்மேல் அமர்த்துங்கள். எஞ்சினை நிறுத்தினால் அதிர்வும் இருக்காது. கடைசி நாள் அந்த அரிசியைச் சோறாக்கிவிடலாம்.

சாப்பாட்டுக்கு முகாம் உணவகத்தை நம்பினால் பேர்கரும் பொரியலும்தான், சைவக்காரருக்குத் தெரிவு மிகக் குறைவு. வரும் வழியில் நெல்ஸ்புரூட் சுப்பர்மார்க்கெற்றில் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கு சாதாரணமாக விற்கும் நீள அரிசி புழுங்கல்தான். டேர்பனில் 1860 முதல் நம்மவர் குடியேறிய நாடு என்பதால் மிளகாய்த்தூளும் பருப்பும் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளை மட்டும் முத்திரையிட்ட பொதியில் கொண்டுபோனால் போதும். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் விறாந்தையில் இருக்கும். பபூன் குரங்குக்கு அதைத் திறக்கத் தெரியும். கம்பிக் கூடு இருந்தால் பூட்டுங்கள், இல்லாவிட்டால் கதவுப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வையுங்கள். ஒரு நாளுக்கு மட்டும் வருபவர்கள் மதுபானம் கொண்டுபோகத் தடை உண்டு.

போவதற்குச் சிறந்த காலம் மே முதல் செப்ரெம்பர். புல் காய்ந்து தணிந்திருக்கும், மிருகங்கள் தண்ணீர் தேடி ஆற்றுக்கும் குளத்துக்கும் வரும். விடியற்காலைக் குளிர் நம்மவருக்கு நுவரெலியாவையும் நினைக்க வைக்கும், தடித்த ஜக்கெற் வேண்டும். டிசம்பரில் குட்டி மான்களும் பறவைகளும் நிறைய, ஆனால் புல் உயர்ந்து, வெயில் 40 பாகையைத் தொடும், கனமழையில் கிறவல் ரோட்டுகளை மூடுவார்கள். நுளம்பும் அப்போதுதான் கூட.

குரூகர் மலேரியாப் பகுதி. தடுப்பு மாத்திரையை மலேரியா தடை இயக்கம் இலவசமாகவே தருகிறது. புறப்பட இரண்டு, மூன்று வாரத்துக்கு முன் யாழ்ப்பாணத்துப் பிராந்திய மலேரியா அலுவலகத்தில் கேளுங்கள், திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் போடுங்கள். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அதனால் காய்ச்சலோடு போகும் ஒருவரை இங்கு முதலில் டெங்கு என்றுதான் பார்ப்பார்கள். வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆபிரிக்கா போனதை வைத்தியரிடம் நீங்களே முதலில் சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.