கெல்டிக் பின்னல் ப்ரூச்: இழையால் பின்னுவதா, அச்சில் அழுத்துவதா, சீவி எடுப்பதா?

பழங்கால அயர்லாந்து, ஸ்காட்லாந்து பாணியில் ஆடையில் குத்திக்கொள்ளும் அணிதான் கெல்டிக் ப்ரூச். அதன் அழகெல்லாம் பின்னலில்தான். ஒரு இழை ஒரு சந்திப்பில் மேலே ஏறினால் அடுத்த சந்திப்பில் கீழே இறங்கியாக வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் பார்க்கிறவர் கண்ணில் பட்டுவிடும். சிக்குக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வளைவுகள் புதிதாக இருக்காது; இரண்டிலும் கோடு வளைந்து வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். ஆனால் கோலத்தில் கோடுகள் ஒரே தளத்தில் வெட்டிக்கொள்ளும். இங்கே மேடும் பள்ளமும் தெரிய வேண்டும். ஓவனில் சுட்டால் இறுகிவிடும் செயற்கைக் களிமண்ணான பாலிமர் கிளேயில் அதைக் கொண்டுவர மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, இழை. முறுக்குக் குழல் மாதிரியான எக்ஸ்ட்ரூடரில் கிளேயைப் போட்டுத் திருகினால் நூடுல்ஸ் மாதிரி ஒரே பருமனில் நீள நீளமாக வரும். ப்ரூச்சுக்கு 2 மி.மீ. பருமன் சரியாக இருக்கும். அதைவிட மெல்லியதானால் தூக்கும்போதே இழுபட்டு அறுந்துபோகும். வடிவத்தைத் தாளில் வரைந்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, கண்ணாடியின் மேல் இழைகளை வளைத்துக்கொண்டே போகலாம். மூன்று இழைச் சடை மாதிரி எளிய பின்னல் என்றால் நிஜமாகவே மேலே கீழே விட்டுப் பின்னிவிடலாம். நெருக்கமான முடிச்சில் அது நடக்காது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் இழை இளைத்து, பருமன் மாறிப்போகும். அங்கே வேறு உத்தி வேண்டும்: மேலே போகிற இழையை முழுசாக விட்டுவிட்டு, கீழே போகிற இழையைச் சந்திப்பில் வெட்டி, இரண்டு முனைகளையும் மேல் இழையின் பக்கவாட்டில் முட்டக் கொடுக்க வேண்டும். முட்டும் இடத்தை மட்டும் ஊசி முனையால் லேசாக அமுக்கிவிட்டால், இழை அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது போலவே இருக்கும். கண்ணாடியோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் சுட்டு, ஆறியதும் பின்னலைப் பெயர்த்து, திரவ கிளே தடவிய அடித்தகட்டின் மேல் வைத்து, மறுபடி முழு நேரம் சுடலாம். நேரம் நிறையப் பிடிக்கும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு இழையின் பக்கத்திலும் நிழல் விழுமே, அது வேறெந்த வழியிலும் இவ்வளவு நன்றாக வராது.

இரண்டாவது, அச்சு. சம அளவு கலந்து பிசையும் சிலிக்கோன் மாவில், சுட்டு ஆறிய ஒரு மூல வடிவத்தை அழுத்தி அச்சு எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் கிளேயை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, மேலே வழிவதை பிளேடால் சமமாகச் சீவி, அச்சை வளைத்துக் கழற்ற வேண்டியதுதான். கிளே ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். கேக் அலங்காரத்துக்கென்று விற்கும் கெல்டிக் அச்சுகளை நான் அதிகம் சிபாரிசு செய்யமாட்டேன். பள்ளம் குறைவாக இருப்பதால் சந்திப்புகள் மழுங்கி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விடும். மூல வடிவத்தை நாமே ஒருமுறை இழையால் பின்னி அச்செடுப்பது எவ்வளவோ மேல். ஒரே மாதிரி நான்கு கட்டங்கள் வேண்டும், ஜோடித் தோடு வேண்டும் என்றால் அச்சை விட்டால் வேறு வழியில்லை.

அச்சில் செய்வது குறுக்கு வழி என்று கைவினைக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் டனாட் குன்றுக் கோட்டையில் அகழ்ந்தபோது ப்ரூச் வார்ப்பதற்கான களிமண் அச்சுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்துப் பொற்கொல்லர்களே மண் அச்சில் உலோகத்தை ஊற்றித்தான் செய்தார்கள். இழை வழிக்கும் முன்னோடி உண்டு. 1850-இல் அயர்லாந்தின் மீத் மாவட்டக் கடற்கரையில், பெட்டிஸ்டவுன் அருகே கிடைத்த தாரா ப்ரூச்சில், பொன்முலாம் பூசிய வெள்ளி உடலை வார்த்து, சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் மெல்லிய தங்கக் கம்பிகளை வளைத்து ஒட்டியிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து வேலை. வளையத்தின் விட்டம் 9 சென்டிமீட்டர்கூட இல்லை. இப்போது டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆடையில் குத்தினால் மறைந்துபோகும் பின்பக்கத்தையும் விடாமல் அலங்கரித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகளின் மேல் மரியாதை கூடுகிறது. அதில் தொங்கும் வெள்ளிக் கம்பிச் சங்கிலியின் பின்னல் வகைக்குப் பழைய தொல்லியல் எழுத்துகளில் வைத்த பெயர் திருச்சிராப்பள்ளி வேலை! அவர்கள் எழுதிய காலத்தில் நம் திருச்சிச் சங்கிலிகள் அவ்வளவு பிரசித்தம்.

மூன்றாவது வழி, சீவி எடுப்பது; மைக்கா ஷிஃப்ட் என்பார்கள். தங்கம், வெள்ளி, முத்து நிறக் கிளேக்களில் மைக்கா என்ற மினுமினுக்கும் கனிமத் துகள்கள் கலந்திருக்கும். கிளேயைத் தகடாக உருட்டும் பாஸ்தா மெஷினில் திரும்பத் திரும்ப ஒரே திசையில் விட்டால் துகள்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துக்கொள்ளும். பின்னல் முத்திரையை அதில் ஆழமாக அழுத்தி, மேடாக எழும்புவதைக் கூரான பிளேடால் சீவி, மேலே உருட்டிச் சமன் செய்தால், விரலுக்கு வழவழப்பாக, கண்ணுக்கு மட்டும் ஆழமாகத் தெரியும் ஒரு பின்னல் கிடைக்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் தொல்பொருள் போன்ற தோற்றம் வேண்டுமென்றால் இது உதவாது. பழைய நகையில் அழுக்கு தங்கப் பள்ளம் வேண்டும். இதில் பள்ளமே கிடையாதே.

என் தேர்வு: ஓரத்து வளையத்துக்கும் நடு முடிச்சுக்கும் இழை, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பின்னிய விலங்கு உருவங்கள் போன்ற பொடி வேலைக்கு அச்சு. முதல்முறை செய்கிறவர்களும் இழையிலேயே தொடங்கலாம். மூன்று இழைச் சடையை வட்டமாகச் சுற்றி, நடுவில் ஒரு கண்ணாடிக் கல் வைத்தாலே போதும். கண்ணாடி ஓவன் சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக் மணி உருகிவிடும்.

எந்த பிராண்ட் கிளே என்பது எந்த வழி என்பதைப் பொறுத்தது. ஸ்கல்ப்பி 3 பிசைய மென்மையாக இருக்கும், ஆனால் சுட்டபின் மெல்லிய இடங்களில் ஒடியும். இழை வேலைக்கு வேண்டாம். பிரீமோவும் ஃபிமோ புரொஃபஷனலும் சுட்டபின் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். காட்டோ பிசைவதற்குள் கை வலிக்கும், ஆனால் அச்சின் விளிம்புகளை அப்படியே பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மே மாத வெயிலில் எந்தக் கிளேயும் கொழகொழத்துப்போகும். அப்போது தகடாக உருட்டி இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே சில மணி நேரம் வைத்தால், அதிலுள்ள எண்ணெய்ப் பசையைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும், கிளே விறைப்பாகிவிடும். சுடும் சூடும் வகைக்கு வகை மாறும்: ஃபிமோ 110 டிகிரி செல்சியஸ், பிரீமோ 130, காட்டோ 150. ஓவன் திருகியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். பாலிமர் கிளே அடிப்படையில் பிவிசி. கருகினால் வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். ஜன்னல் திறந்திருக்கட்டும், அதே நேரத்தில் சமையல் வேண்டாம்.

மெருகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுடுமுன் மேடுகளில் மட்டும் விரலால் வெண்கல நிற மைக்கா பொடி தேய்க்கலாம். அல்லது சுட்டபின் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் பூசி, ஈரத் துணியால் மேலாகத் துடைத்துவிடலாம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும். நெயில் பாலிஷ் மட்டும் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

கடைசியாக, திறந்த வளையமா, வட்டத் தகடா? 1958-இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில், செயிண்ட் நினியன் தீவில் கிடைத்த வெள்ளிப் புதையலில் 12 ப்ரூச்சுகள் இருந்தன. எல்லாமே வாய் திறந்த வளைய வகை. ஊசியைத் துணியில் குத்தி, வளையத்தின் திறப்பு வழியாக ஊசி முனையை விட்டு, வளையத்தைச் சுழற்றினால் பூட்டிக்கொள்ளும். தடித்த மேலங்கிக்கு வெள்ளி வளையம் தாங்கும். கிளே வளையத்தில், ஊசி அழுத்தும் இடத்தில் விரிசல் விடும். அந்த வடிவம்தான் வேண்டுமென்றால் உள்ளே கம்பி வைத்துச் செய்து, ஊசியை அலங்காரமாக மட்டும் ஒட்டிவிடுங்கள். துணியில் குத்துவதற்குப் பின்னால் ஒரு ப்ரூச் பின் போதும். பசையை மட்டும் நம்பாமல், பின்னின் பட்டைக்கு மேல் ஒரு கிளே கீற்றை வைத்து அமுக்கி மறுபடி சுட்டால் பிடுங்கிக்கொண்டு வராது. பின்னை நட்ட நடுவில் வைக்காமல் சற்று மேலே தள்ளி வைத்தால், குத்திக்கொள்ளும்போது ப்ரூச் முன்பக்கம் கவிழாது.