வம்சாவளிப் படம் வரைய டிரா.ஐஓ: எங்கள் குடும்பம் ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

நாங்கள் மொரிசியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம், சித்தப்பா பிள்ளைகள் பக்கத்துத் தீவான ரியூனியனில், அத்தை குடும்பம் தென்னாப்பிரிக்காவில் டர்பனில். கப்பலில் வந்த எள்ளுத்தாத்தா தொடங்கி எல்லோரையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நோட்டில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பிப் பார்த்தோம். ஆளுக்கொரு திருத்தம் சொல்ல, எது கடைசிப் பிரதி என்றே தெரியவில்லை. அப்புறம் ஒரு கட்டணத் தளத்தில் தொடங்கினோம். பாதி வரைந்ததும் இலவச அளவு முடிந்துவிட்டது, பணம் கட்டினால்தான் அடுத்த ஆளுக்குப் பெட்டி போடலாம் என்றது.

பெட்டியும் கோடும் போட்டுப் படம் வரையும் இணையக் கருவியான டிரா.ஐஓவுக்கு வந்தது அதன் பிறகுதான் (டயகிராம்ஸ்.நெட் என்றாலும் இதேதான்). முழுக்க இலவசம், தனிக் கணக்கு தொடங்கத் தேவையில்லை, கோப்பை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்கும். கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் வரைய வேண்டுமென்றால் கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவில் வையுங்கள். ரியூனியன் தம்பி ஒரு பெட்டியை நகர்த்துவதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். யாராவது தப்பாக அழித்துவிட்டாலும் டிரைவில் பழைய பிரதிகள் இருக்கின்றன, பயமில்லை.

எனக்கு இது பிடித்ததற்கு முக்கியக் காரணம் வேறு. வம்சாவளிக்கென்றே இருக்கும் மென்பொருள்களில் கிளை கீழே கீழே பிரிந்து போகும். நம் வீடுகளில் அப்படியா? அத்தை மகனைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர் என்று பிரிந்த கிளை மறுபடி வந்து சேர்கிறது, ஒருவரே இரண்டு வழியில் உறவு. இங்கே எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கும் கோடு இழுக்கலாம், பெட்டியை நகர்த்தினால் கோடும் கூடவே வரும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் 'லைன் ஜம்ப்ஸ்' என்ற வசதியைப் போட்டால் ஒரு கோடு மற்றதன் மேல் வளைந்து தாண்டுகிறது, எது எங்கே போகிறது என்று குழப்பமே இல்லை. தானாக அடுக்கித் தரும் வசதியும் உண்டு, ஆனால் இப்படிச் சுற்றி வரும் உறவுகளுக்கு அதை நம்ப வேண்டாம், கையால் அடுக்குவதே நல்லது.

பெட்டிக்குள் தமிழ், பிரெஞ்சு, இங்கே பேசும் கிரியோல் மொழி எல்லாம் எழுதுகிறோம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவன ஆவணங்களில் கிடைத்த, கப்பலில் வந்தவர்களுக்குக் கொடுத்த குடியேற்ற எண்ணை எள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கீழே போட்டிருக்கிறேன். ஒரே பெயரை இங்குள்ள பதிவில் ஒரு மாதிரியும் ரியூனியன் பதிவில் வேறு மாதிரியும் எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்ட பிறகுதான் தம்பிக்கே ஆள் ஒருவர்தான் என்று புரிந்தது.

கைப்பேசியில் வரைவது சிரமம், அதில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புயல் நாட்களில் இணையம் போனால் கணினியில் நிறுவும் பதிப்பு இருக்கிறது, ஆனால் அதில் சேர்ந்து வரைய முடியாது. அச்சடிக்க எஸ்விஜி என்ற வகைப் படக்கோப்பைக் கொடுக்காதீர்கள், சில மென்பொருள்களில் எழுத்து சரியாகத் தெரியாது. பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், கடையில் பெரிய தாளில் போட்டுத் தருவார்கள். எங்கள் படம் இப்போது அப்பாவின் அறைச் சுவரில் இருக்கிறது, டர்பன் அத்தை பக்கம் மட்டும் இன்னும் நிரப்பி முடியவில்லை.