அஸ்தம்பட்டி கோர்ட் இலவச சட்ட உதவி: ஐந்துக்கு நான்கு

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் இருக்கும், இலவசமாக வக்கீல் ஒதுக்கித் தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு மார்க் குறைத்தது சட்டத்துக்கு, இவர்களுக்கு இல்லை.

என் சித்தி மகன் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆகி மத்திய சிறையில் இருந்தான். இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் பார்ப்பார்கள், காசு கொடுத்து வக்கீல் வையுங்கள் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொல்ல, சித்தியும் ஒருவரைப் பிடித்தார். வாய்தாவுக்கு வாய்தா பணம் போனது, மனு நகரவில்லை. அப்புறம்தான் இங்கே வந்தோம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது, இலவச சட்ட உதவிக்கான 1987 சட்டம் அப்படி. ஒதுக்கிய வக்கீலம்மா முதலில் கேட்டதே "தம்பி மேல வேற கேஸ் இருக்கா?" என்றுதான்.

ஏன் கேட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479-ஆவது பிரிவு, முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது, மற்றவர்களுக்குப் பாதி. சாதாரண திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, ஆக ஓராண்டு. சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். தூக்கு, ஆயுள் விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது, அது சரி. ஆனால் இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தாலே விட மாட்டோம் என்று அதிலேயே ஓர் உட்பிரிவு வைத்திருக்கிறார்களே, திருட்டில் மாட்டுகிற ஏழைப் பையன் மேல் ஒரு கேஸோடு நிற்குமா என்ன? இவன் மேல் இரண்டு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய இந்த உட்பிரிவை எடுத்தால்தான் சட்டம் யாருக்காவது உதவும்.

அதனால் வக்கீலம்மா வழக்கமான ஜாமீன் மனுவே போட்டு வாங்கிக் கொடுத்தார். பிறகு ஜாமீன்தாரர் தேடும் படலம். அறிவுரை சொன்ன சொந்தக்காரர் ஒருவரும் கையெழுத்துக்கு வரவில்லை. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறையிலிருந்து இந்த ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டார். தளர்ந்தது.

போகிறவர்கள் எஃப்.ஐ.ஆர். நகலும் ரிமாண்ட் தேதியும் கையில் வைத்திருங்கள். நேரில் போக முடியாவிட்டால் இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணுக்குப் போன் போடுங்கள்.