குழல் வளையலா, கெட்டி வளையலா?

மேசையில் இரண்டு தங்க வளையல்களை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒன்று ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய குழல் வளையல். உள்ளே வெறும் காற்றுதான். கடையில் கேட்டால் ‘ஹாலோ’ என்பார்கள். இன்னொன்று போன வருடம் வாங்கிய கெட்டி வளையல். இரண்டும் 22 காரட், இரண்டும் 11 கிராம் பக்கம். பார்வைக்கு மட்டும் சம்பந்தமே இல்லை. குழல் வளையல் விரல் பருமனில் பாதி இருக்கும். கெட்டி வளையல் மெல்லிய கம்பி. முதல் தடவை கண்ணை நம்பி வாங்கினேன். இரண்டாவது தடவை, கையில் கிடக்கிற நகைக்கு என்னென்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்கினேன். தினமும் போடுவதற்கு என்றால் கெட்டிதான் என்பது என் முடிவு.

காரட், முத்திரை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 22 காரட் என்றால் 1000-க்கு 916 பங்கு தங்கம், 18 காரட் என்றால் 750. முத்திரை இல்லாத நகையைத் தொட வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முத்திரை தங்கத்தின் மாற்றை, அதாவது சுத்தத்தைச் சொல்லும். அந்தத் தங்கம் எவ்வளவு கனத்தில் இருக்கிறது என்று சொல்லாது. குழலுக்கும் அதே 916தான், கெட்டிக்கும் அதே 916தான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். உள்விட்டம் 60 மில்லிமீட்டர் உள்ள ஒரு வளையலை 2 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பியில் செய்தால் ஏறக்குறைய 11 கிராம் வரும். அதே 11 கிராமில் 5 மில்லிமீட்டர் பருமனுள்ள குழல் வளையல் செய்ய வேண்டுமானால், குழலின் சுவர் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க முடியாது. சாதாரண எழுதும் தாள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கனம். அந்த 5 மில்லிமீட்டர் வளையலைக் கெட்டியாகச் செய்தால் 70 கிராமைத் தாண்டிவிடும். 70 கிராம் தோற்றம் 11 கிராமில் கிடைப்பதால்தான் குழல் நகைக்கு இவ்வளவு கிராக்கி. நானும் அதற்காகத்தான் வாங்கினேன்.

இனி ஒடுக்கு விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

வாங்கி எட்டாவது மாதம். கதவைச் சாத்தும்போது கை இடித்தது. பெரிய இடி இல்லை, கையில் வலிகூட இல்லை. வளையலில் பயறு அளவுக்கு ஒரு குழி விழுந்துவிட்டது. குழியின் விளிம்பில் மெருகு போய், மடிந்த தகரத்தில் தெரிவது போல ஒரு கோடு. சரி செய்துவிடலாம் என்று பொற்கொல்லரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் நகத்தால் வளையலைத் தட்டிப் பார்த்தார். குழியைக் கட்டை விரலால் தடவினார். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பாத்திரம் என்றால் உள்ளே கட்டையை வைத்து ஒடுக்கு எடுக்கலாம். இதற்கு உள்ளே எதை விடுவது?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. குழலுக்கு உள்ளிருந்து தட்ட வழி இல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் தாள் மாதிரி இருக்கும் சுவரில் நெருப்பு கொஞ்சம் தப்பினாலும் உருகி ஓட்டை விழும். உள்ளே அடைபட்ட காற்றும் சூடேறி விரிந்து வெளியே வரப் பார்க்கும். தெரிந்தவர்கள் முதலில் ஒரு சிறு துளை போட்டுக் காற்றுக்கு வழி விட்டுத்தான் பற்றவைப்பார்கள். செய்யவே முடியாத வேலை இல்லை. ஆனால் கூலியும் அதிகம், ஆபத்தும் அதிகம். பெரும்பாலானவர்கள் இந்த வேலையை ஏற்பதே இல்லை.

கெட்டி வளையலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் அது குழலைவிட எளிதில் வளையும். ஒரே எடையில், பருமனான குழல் மெல்லிய கம்பியைவிடப் பல மடங்கு விறைப்பாக நிற்கும். சைக்கிள் சட்டத்தைக் குழாயில் செய்வதும் இதனால்தான். என் கெட்டி வளையல் ஆறே மாதத்தில் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அதே பொற்கொல்லர் அதை வட்டக் கட்டையில் மாட்டி, மரச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, பேசிக்கொண்டிருக்கும்போதே வட்டமாக்கிக் கொடுத்தார். வளைவது வேறு, ஒடுங்குவது வேறு. வளைந்ததை நிமிர்த்திவிடலாம். ஒடுங்கிய குழல் அப்படியே கிடக்கும்.

தேய்மானத்திலும் இதே கதைதான். தங்கம் மிருதுவானது. தோலில், துணியில், பக்கத்து வளையலில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வருடக்கணக்கில் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தது என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் கம்பியில் அது கண்ணுக்கே தெரியாது. 0.2 மில்லிமீட்டர் சுவரில் அது கால் பங்கு. முதலில் ஓட்டை விழுவது உரசும் பக்கத்தில்தான். விழுந்தபின் சோப்புத் தண்ணீரும் வியர்வையும் உள்ளே போய்த் தங்கிவிடும். என்னுடையதில் இன்னும் ஓட்டை இல்லை. ஆனால் கொக்கிக்குப் பக்கத்தில் தயாரிப்பின்போதே விட்ட ஊசித் துளை ஒன்று இருக்கிறது. குளித்துவிட்டு வந்து உதறினால் அதிலிருந்து சொட்டு நீர் வரும்.

அளவு மாற்றுவதும் அப்படித்தான். கெட்டி வளையலை வெட்டித் துண்டு சேர்த்துப் பெரிதாக்கலாம். சேர்த்த இடத்தை அரத்தால் ராவி மெருகிட்டால் தெரியாது. குழலில் அப்படி ராவ முடியாது, சுவர் போய்விடும்.

விற்கும்போது இரண்டுக்கும் எடைக்கும் மாற்றுக்கும்தான் பணம், அதனால் வித்தியாசம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. கொடுத்த செய்கூலி இரண்டிலுமே திரும்பி வராது. குழல் நகைக்கு வேலை அதிகம் என்பதால் செய்கூலியும் பொதுவாக அதிகம், ஆகவே இழப்பும் அதிகம். பற்றாசையும், அதாவது பற்றவைக்கப் பயன்படும் உலோகக் கலவையையும், கணக்கில் சேர்க்க வேண்டும். அது நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அதற்காக வெள்ளி, செம்பு, துத்தநாகம் போன்றவை சேர்ப்பார்கள். கெட்டி வளையலில் ஒரு பற்று இருக்கும். தகட்டைச் சுருட்டிச் செய்த குழலிலோ நீளம் முழுவதும் பற்றுதான். உருக்கிப் பார்க்கும்போது மாற்று கொஞ்சம் குறைந்து வர இது போதும். உள்ளே அரக்கு நிரப்பிய வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். தங்கத்தின் எடை தனி, அரக்கின் எடை தனி என்று ரசீதில் பிரித்து எழுதி வாங்குங்கள். பிரிக்காவிட்டால் அரக்குக்கும் தங்க விலை கொடுத்ததாக ஆகும்.

வீட்டில் சோதிக்கவும் கெட்டி நகை வசதி. காற்றில் ஒரு எடை, நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு ஒரு எடை எடுங்கள். காற்றில் வந்த எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வரும். 22 காரட் என்றால் 17.5-க்கும் 18-க்கும் இடையில் இருக்கும். குழலில் அடைபட்ட காற்று இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். சுத்தத் தங்கமே ஆனாலும் குறைத்துக் காட்டும். கடையில் மாற்று பார்க்கும் எக்ஸ்-கதிர் கருவியும் மேல் பரப்பில் சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்தைத்தான் படிக்கும், உள்ளே இருப்பதைச் சொல்லாது.

குழல் நகைக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பெரிய காதணிகளுக்கு அதுதான் சரி. கெட்டியாகச் செய்தால் காது மடல் இழுபட்டுத் துளை நீண்டுவிடும். எப்போதாவது போட்டுக் கழற்றிப் பெட்டியில் வைக்கிற கழுத்து நகைக்கும் குழல் போதும். அங்கே இடியும் இல்லை, உரசலும் இல்லை. சங்கிலியைப் பற்றி அதிகம் பேச எனக்கு அனுபவம் போதாது. குழல் சங்கிலியை நான் ஒரு வருடம்தான் போட்டேன். கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மட்டும் மெருகு மாறியிருந்ததைப் பார்த்ததும் கழற்றி வைத்துவிட்டேன். எலக்ட்ரோஃபார்மிங் முறையில் அச்சின் மேல் தங்கம் படியவைத்துச் செய்கிற நகைகளை நான் போட்டதில்லை, அதனால் மேலே சொன்னது அவற்றுக்கு அல்ல.

கெட்டியும் வேண்டும், சீக்கிரம் வளையவும் கூடாது என்றால் 18 காரட்டையும் பாருங்கள். கலப்பு உலோகம் அதிகம் என்பதால் கடினம் கூடும். நிறம் கொஞ்சம் வெளிறும், அடர்த்தி குறைவதால் அதே பருமனுள்ள கம்பி இலேசாகவும் இருக்கும். எனக்கு 22-இன் நிறம் பிடிக்கும், அதனால் அங்கேயே நின்றேன்.

கடையில் வளையலைக் கையில் எடுத்தால் விலைச் சீட்டுக்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள்: இது குழலா கெட்டியா, குழல் என்றால் சுவர் எவ்வளவு கனம், ஒடுக்கு விழுந்தால் நீங்களே எடுத்துக் கொடுப்பீர்களா. இரண்டாவது தடவை போனபோது நான் மூன்றையும் கேட்டேன். விற்பனையாளர் குழல் வளையல் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, கீழறையிலிருந்து கெட்டி வளையல் தட்டை எடுத்து வைத்தார்.